குடையா, சாப்ட்பாக்ஸா? முதலில் அறையைப் பாருங்கள்

முகப்படத்துக்குப் பிளாஷ் வெளிச்சத்தை மென்மையாக்க, பிளாஷுக்கு மாட்டும் குடையை வாங்குவதா, சாப்ட்பாக்ஸ் என்ற துணிப்பெட்டியை வாங்குவதா? கடையில் இந்தக் கேள்வியைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "சாப்ட்பாக்ஸ்தான் சார் சாஃப்டா இருக்கும், பேரே அதுதானே." பெயரால் வந்த குழப்பம் இது. ஒரே அளவுள்ள வெள்ளைக் குடையையும் சாப்ட்பாக்ஸையும் முகத்திலிருந்து ஒரே தூரத்தில் வைத்து இரண்டு படம் எடுத்துப் பாருங்கள். மூக்கின் நிழல் விளிம்பு இரண்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் விழும். வேறுபாட்டைப் பார்க்க முகத்தை விட்டுவிட்டு, பின்னால் இருக்கும் சுவரையும் பக்கத்துச் சுவரையும் பார்க்க வேண்டும். குடை நாலாபக்கமும் வெளிச்சத்தைச் சிந்தும், சாப்ட்பாக்ஸ் சிந்தாது. சிந்திய வெளிச்சத்தை உங்கள் அறை என்ன செய்கிறது என்பதை வைத்துத்தான் எதை வாங்குவது என்று முடிவு செய்ய வேண்டும்.

ஒரு கேமரா, ஒரு ஸ்பீட்லைட் (கேமராவின் தலையில் மாட்டும் சின்ன பிளாஷ்), அதைத் தூரத்திலிருந்து அடிக்க ஒரு ரேடியோ ட்ரிகர், ஒரு லைட் ஸ்டாண்ட். இவ்வளவோடு 10-க்கு 12 அடி வீட்டு அறையில் முகப்படம் எடுக்கத் தொடங்குகிறவர்களை மனதில் வைத்தே கீழே எழுதியிருக்கிறது.

அளவும் தூரமும்

உச்சி வெயிலில் நிற்பவரின் நிழல் கத்தியால் வெட்டியதுபோல் விழுகிறது. சூரியன் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் இங்கிருந்து பார்த்தால் ஒரு பொட்டுதான். மேகம் மறைத்ததும் வானம் முழுக்கவே விளக்காகிவிடுகிறது, நிழல் கரைந்துபோகிறது. முகத்திலிருந்து பார்த்தால் விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அவ்வளவு மென்மை. துணியின் தரம், விலை, பிராண்ட் எல்லாம் அதற்குப் பிறகு.

அப்படியானால் 60 செ.மீ சாப்ட்பாக்ஸை 60 செ.மீ தூரத்தில் வைத்தாலும், 120 செ.மீ குடையை 120 செ.மீ தூரத்தில் வைத்தாலும் நிழலின் விளிம்பு ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் வேறொன்று மாறும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்வாசியாகும், அதாவது 2 ஸ்டாப் குறையும் (வெளிச்சம் பாதியாவது ஒரு ஸ்டாப்). விளக்கு 60 செ.மீ தூரத்தில் இருக்கும்போது, முகத்தைவிட 30 செ.மீ தள்ளியிருக்கும் மறுபக்கத் தோள் ஒரு ஸ்டாப்புக்கும் மேல் இருட்டும். 120 செ.மீ தூரத்தில் அதே தோள் முக்கால் ஸ்டாப்கூட இருட்டாது. கிட்ட வைத்த சின்ன விளக்கு நாடகத்தனமாகவும், தள்ளி வைத்த பெரிய விளக்கு சமமாகவும் தெரிவதன் காரணம் இதுதான்.

தொடங்குகிறவருக்கு ஒரு கணக்கு போதும்: விளக்கின் விட்டம் எவ்வளவோ, முகத்திலிருந்து அவ்வளவு தூரம். இரண்டு மடங்கு வரை தள்ளலாம். அதற்கு மேல் போனால் குடை மாட்டியதற்கே அர்த்தமில்லை. "குடை போட்டும் நிழல் கடினமாக விழுகிறதே" என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் 33 அங்குலக் குடையை அறையின் மூலையில், இரண்டரை மீட்டர் தூரத்தில் வைத்திருப்பார்கள். டேப் வைத்து அளந்துவிட்டு வைப்பது நல்லது. கண்ணால் மதிப்பிடும் ஒரு மீட்டர் பல நேரம் ஒன்றரை மீட்டராக இருக்கிறது.

குடையில் எதை வாங்குவது

ஊடுருவும் வெள்ளைக் குடையில் பிளாஷ் முகத்தைப் பார்த்தே அடிக்கும், வெளிச்சம் துணியைத் தாண்டி வரும். குடையின் புடைத்த பக்கம் முகத்தைப் பார்த்திருப்பதால் எவ்வளவு வேண்டுமானாலும் கிட்டக் கொண்டுபோகலாம். ஆனால் கணிசமான வெளிச்சம் துணியில் பட்டுப் பின்னால் திரும்பி, உங்கள் முதுகுப் பக்கச் சுவரில் விழுகிறது.

பிரதிபலிக்கும் குடைக்கு வெளியே கறுப்பு, உள்ளே வெள்ளை அல்லது வெள்ளி. பிளாஷ் முகத்துக்கு முதுகைக் காட்டிக் குடைக்குள் அடிக்கும், வெளிச்சம் திரும்பி வரும். பின்பக்கம் சிந்தாது. ஆனால் குடைக்கம்பி முகத்தை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும், ஸ்டாண்டும் இடையில் நிற்கும். அதனால் ஓரளவுக்கு மேல் கிட்ட வர முடியாது. வெள்ளி உட்புறம் வெள்ளையைவிட அதிக வெளிச்சம் தரும், பளபளப்பையும் கூட்டும். எண்ணெய்ப் பசையுள்ள நெற்றியில் வெள்ளிக் குடையை அடித்தால் நெற்றி வெள்ளித் தட்டாகிவிடும்.

மூன்றாவது, கறுப்பு உறையைக் கழற்றி மாட்டும் வெள்ளைக் குடை. உறையோடு பிரதிபலிக்கும், உறையை எடுத்தால் ஊடுருவும். முதல் குடை இதுவாகவே இருக்கட்டும். அளவு 43 அங்குலத்தை ஒட்டி. குடைகளின் அளவைப் பெரும்பாலும் துணியின் வளைவோடு அளந்து எழுதுகிறார்கள். விரித்து நேர்விட்டம் அளந்தால் சில அங்குலம் குறைவாகத்தான் இருக்கும், ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். 33 அங்குலம் முகத்துக்குப் போதும், இடுப்புவரை எடுக்கும்போது போதாது. 60 அங்குலம் குழுப்படத்துக்கு அருமை, வீட்டு அறையில் மின்விசிறியோடு சண்டை போடும்.

சாப்ட்பாக்ஸின் உறுப்புகள்

வெளியே கறுப்பு, உள்ளே வெள்ளி பூசிய துணிக்கூடு. அதை விறைப்பாக நிறுத்தும் கம்பிகள். கம்பிகள் வந்து சேரும் வளையம். முன்னால் வெள்ளைத் துணி. இவற்றோடு, நடுவில் தொங்கும் இன்னொரு சின்ன வெள்ளைத் துணியும் உண்டு. புதியவர்கள் இந்த உள்துணியைத் தேவையில்லாத பாகம் என்று பையிலேயே விட்டுவிடுகிறார்கள். ஸ்பீட்லைட்டின் வெளிச்சம் நேர்கோட்டில் பாயும் குணமுள்ளது. உள்துணி இல்லாவிட்டால் முன்துணியின் நடுவில் மட்டும் சுள்ளென்று ஒரு வட்டம் எரியும், ஓரங்கள் மங்கிக் கிடக்கும். 90 செ.மீ சாப்ட்பாக்ஸுக்குக் காசு கொடுத்துவிட்டு 30 செ.மீ விளக்கை வைத்துப் படம் எடுப்பதற்குச் சமம் அது.

முன்துணிக்கு மேல் ஒட்டும் கறுப்புக் கட்டத் துணிதான் கிரிட். வெளிச்சம் பக்கவாட்டில் போவதை அது தடுக்கும். வாங்கும்போது பெட்டிக்குள் கிரிட் இருக்கிறதா என்று கேளுங்கள். தனியாகப் பிறகு வாங்கப் போனால் உங்கள் அளவுக்குப் பொருந்துவது கிடைப்பது கடினம்.

வடிவத்தில் எண்கோணம், சதுரம், நீள்சதுரம் என்பதெல்லாம் கண்மணியில் தெரியும் வெளிச்சப் பொட்டின் வடிவத்தை மாற்றும். எண்கோணம் வட்டமாகத் தெரியும், சதுரம் ஜன்னல் மாதிரி தெரியும், ஊடுருவும் குடையில் கூர்ந்து பார்த்தால் கம்பிகளும் தெரியும். முகப்படத்துக்கு 80 முதல் 95 செ.மீ எண்கோணம் நல்ல தொடக்கம். 30-க்கு 120 செ.மீ நீளப் பெட்டிகள் தலைமுடிக்கும் தோளுக்கும் பின்னாலிருந்து கோடு போட உதவுபவை. இரண்டாவது பிளாஷ் வந்த பிறகு அவற்றை யோசிக்கலாம்.

மாட்டும் முறையைக் கவனியுங்கள். ஸ்டுடியோ விளக்குகளில் பரவலாக இருப்பது மூன்று கொக்கிகள் கொண்ட போவன்ஸ் மவுண்ட். அதை உருவாக்கிய பிரிட்டிஷ் நிறுவனம் 2017இல் மூடப்பட்டுவிட்டது, மவுண்ட் மட்டும் ஏறக்குறைய எல்லா மலிவு விளக்குகளிலும் வாழ்கிறது. ஸ்பீட்லைட்டை அந்த மவுண்டோடு இணைக்க எஸ் டைப் பிராக்கெட் என்ற பிடி தனியாக வேண்டும். குடை மாதிரியே விரிந்து, பிளாஷை உள்ளே வைத்து ஜிப் போடும் மலிவு சாப்ட்பாக்ஸும் உண்டு. விரிப்பது சுலபம், ஆனால் பவரை மாற்ற ஒவ்வொரு முறையும் ஜிப்பைத் திறந்து கையை உள்ளே விட வேண்டும். கேமராவிலிருந்தே பவரை மாற்றும் ட்ரிகர் இருந்தால் மட்டும் அதை வாங்குங்கள்.

அறை சொல்லும் தீர்ப்பு

நம் வீடுகளில் சுவர் பெரும்பாலும் வெள்ளையாக இருப்பதில்லை. இளம்பச்சை, ரோஸ், மஞ்சள் கலந்த கிரீம். குடையிலிருந்து சிந்தும் வெளிச்சம் பச்சைச் சுவரில் பட்டு, பச்சையாகத் திரும்பி, முகத்தின் நிழல் பக்கத்தில் உட்காரும். வெளிச்சப் பக்கம் சரியான நிறம், நிழல் பக்கம் காய்ச்சல்காரர் மாதிரி. படம் முழுவதன் நிறத்தையும் சேர்த்து மாற்றும் வொயிட் பேலன்ஸால் இதைச் சரிசெய்ய முடியாது. ஒரு பக்கத்தைச் சரிசெய்தால் மறுபக்கம் கெடும்.

அறையைச் சோதிக்க 5 நிமிடம் போதும். ஒருவரை உட்காரவைத்து, பிளாஷைத் துணி எதுவும் இல்லாமல் கூரையைப் பார்த்து அடித்து ஒரு படம் எடுங்கள். முகத்திலும் வெள்ளைச் சட்டையிலும் நிறச்சாயம் தெரிந்தால் அந்த அறை குடைக்கு ஒத்துவராது. சாயம் இல்லை, சுவரும் கூரையும் வெள்ளை என்றால் குடை அங்கே இரண்டு விளக்கின் வேலையைப் பார்க்கும். சிந்திய வெளிச்சம் சுவரிலிருந்து திரும்பி வந்து நிழலைத் தானாகவே நிரப்பும். குழந்தைகள், குடும்பப் படம், அடையாள அட்டைப் படம் எல்லாவற்றுக்கும் அது வரம்.

ஆனால் அதே வெள்ளை அறையில் கறுப்புப் பின்னணியோடு, முகத்தின் பாதி இருட்டில் மறையும்படி எடுக்க நினைத்தால் குடை விடாது. கறுப்புத் துணி சாம்பலாகத் தெரியும், நிழல் பக்கம் எப்போதும் கொஞ்சம் விடிந்தே இருக்கும். அங்கே கிரிட் போட்ட சாப்ட்பாக்ஸ்தான் வழி. குடைதான் கையில் இருக்கிறது என்றால், நிழல் பக்கம் முகத்திலிருந்து அரை மீட்டரில் ஒரு கறுப்புப் போர்வையைத் தொங்கவிடுங்கள். பாதிப் பிரச்சினை தீரும்.

வெளியே எடுப்பதாக இருந்தால் காற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டும். கடற்கரையில் மாலைக் காற்றுக்கு விரித்த குடை பாய்மரம் மாதிரி. ஆள் பிடித்துக்கொள்ளாமல் கடலோரத்தில் குடையை நிறுத்தாதீர்கள். சாப்ட்பாக்ஸும் காற்றில் சாயும், ஆனால் குடை முதலில் மடங்கிக் கம்பி ஒடிந்துவிடும்.

தோல், தங்கம், ஜரிகை

மாநிறத்திலும் கறுப்பிலும் முகத்தின் வடிவத்தைச் சொல்வது பெரும்பாலும் தோலில் தெரியும் மினுக்கம்தான். கன்ன எலும்பிலும் மூக்குத் தண்டிலும் நெற்றியிலும் விழும் அந்த மினுக்கம் அகலமாகவும் மெல்லியதாகவும் இருந்தால் தோல் செழிப்பாகத் தெரியும். சின்னதாகவும் சுள்ளென்றும் இருந்தால் வியர்வையாகத் தெரியும். பெரிய வெள்ளைத் துணி கிட்ட இருந்தால் முதல் வகை கிடைக்கும், வெள்ளிக் குடை தள்ளி இருந்தால் இரண்டாவது. படம் இருட்டாகத் தெரிகிறது என்று பவரைக் கூட்டிக்கொண்டே போவது இங்கே தவறான மருந்து. விளக்கை 20 செ.மீ கிட்டக் கொண்டுவந்து, அதற்கேற்பப் பவரைக் குறைத்துப் பாருங்கள்.

மின்விசிறியை நிறுத்தியதும் வியர்க்கும் என்பதையும் மறக்க வேண்டாம். நெற்றியையும் மேலுதட்டையும் டிஷ்யூவால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது.

தங்க நகை கண்ணாடி மாதிரி, எதிரில் இருப்பதைத்தான் அது காட்டும். எதிரில் ஒரு பக்கம் வெள்ளைத் துணியும் மறுபக்கம் இருட்டும் இருந்தால், ஆரத்தின் ஒவ்வொரு மணியிலும் ஒரு வெளிச்சக் கோடும் ஒரு நிழல் கோடும் விழுந்து தங்கம் கனமாகத் தெரியும். குடை வெளிச்சம் எல்லாப் பக்கத்திலிருந்தும் திரும்பி வரும் வெள்ளை அறையில் அதே ஆரம் வெளுத்துப் பித்தளையாகத் தெரியும். பட்டுப் புடவை ஜரிகைக்கும் இதே கதை. மணப்பெண் படமே முக்கிய வேலை என்றால் சாப்ட்பாக்ஸுக்குச் செலவிடுவதில் தயக்கம் வேண்டாம்.

மூக்குத்தி வைரம் மட்டும் இதற்கு நேரெதிர். கல் மின்ன வேண்டுமென்றால் சின்ன, கூர்மையான விளக்கு வேண்டும். பெரிய துணிக்கு முன்னால் வைரம் கண்ணாடித் துண்டு மாதிரி மங்கிவிடும். இரண்டாவது பிளாஷ் இருந்தால், துணி எதுவும் இல்லாமல், மிகக் குறைந்த பவரில் பக்கவாட்டிலிருந்து அடித்தால் மூக்குத்தி மட்டும் கண் சிமிட்டும்.

குடையை மாட்டும் வரிசை

1. ஸ்டாண்டின் மூன்று கால்களையும் அகலமாக விரியுங்கள். ஒரு கால் குடை நீட்டியிருக்கும் திசையிலேயே இருக்க வேண்டும், பாரம் சாயும் பக்கம் அதுதான். நடுத்தண்டு தரையைத் தொடக் கூடாது.

2. கால்மேல் 5 கிலோ பாரம் வையுங்கள். மணல் பை இல்லையென்றால் அரிசிப் பை போதும்.

3. ஸ்டாண்ட் உச்சியில் குடைப் பிடியை மாட்டி, திருகு ஸ்டாண்ட் முனையின் பள்ளத்தில் உட்காரும்படி இறுக்குங்கள். பள்ளத்துக்கு மேலே இறுகினால் எல்லாம் ஒருநாள் மொத்தமாகக் கழன்று வரும்.

4. பிடியில் குடைக்கம்பி நுழையும் துளையை உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் அது லேசாகச் சாய்வாக இருக்கும். பிளாஷ் கம்பிக்கு மேலே உட்காருவதால், அதன் வெளிச்சம் குடையின் நடுவுக்குப் போகவே இந்தச் சாய்வு. கம்பியைத் தவறான பக்கத்திலிருந்து நுழைத்தால் பிளாஷ் குடையின் மேல் விளிம்பை அடிக்கும். எந்தப் பக்கம் நுழைத்தால் குடை பிளாஷை நோக்கிச் சாய்கிறதோ அதுதான் சரி.

5. பிளாஷை மாட்டி, அதன் வெளிச்சம் விரியும் அகலத்தை மாற்றும் ஜூமைக் கையால் 24 அல்லது 35 மி.மீட்டருக்கு மாற்றுங்கள். தானியங்கியில் விட்டால் பிளாஷ் தன் இஷ்டப்படி குறுக்கிக்கொள்ளும், குடையின் நடுப்பகுதி மட்டும் எரியும்.

6. கம்பியை உள்ளே வெளியே நகர்த்தி, வெளிச்சம் குடையின் விளிம்பு வரை நிறையும் இடத்தில் இறுக்குங்கள்.

ஆறாவது வேலை சரியாக நடந்ததா என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, பிளாஷ் ஒரு கணத்தில் அடித்து முடிந்துவிடும். அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. ஆள் உட்காரும் இடத்தில் நீங்கள் நின்று குடையையே படமெடுங்கள்: ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு) 100, எஃப் (லென்ஸ் துவாரத்தின் அளவு) 16, பிளாஷ் பவர் 1/128. திரையில் குடை ஒரே சமமான வெள்ளை வட்டமாகத் தெரிந்தால் சரி. நடுவில் மட்டும் வெள்ளை, சுற்றிலும் சாம்பல் என்றால் பிளாஷ் மிகக் கிட்ட இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் எரிந்தால் நான்காவது படியில் தவறு. சாப்ட்பாக்ஸையும் இப்படியே ஒருமுறை படமெடுத்துவிடுங்கள். உள்துணி மாட்டிய படம், மாட்டாத படம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபின் யாரும் உள்துணியைப் பையில் விடமாட்டார்கள்.

சாப்ட்பாக்ஸை விரிப்பதில் ஒரே சிக்கல் கம்பிகள். வளையத்தில் கம்பிகளைச் செருகும் பழைய வகை என்றால், எதிரெதிர் மூலைகளை முதலில் செருகுங்கள். வரிசையாகச் சுற்றிக்கொண்டு போனால் கடைசிக் கம்பி எட்டவே எட்டாது. கடைசிக் கம்பிக்கு வளையத்தைத் தொடைமேல் வைத்து அழுத்தி, முகத்தை விலக்கிக்கொண்டு வளையுங்கள். நழுவினால் கம்பி கண்ணைத்தான் தேடி வரும். பிறகு உள்துணி, முன்துணி, கடைசியில் கிரிட். பிளாஷின் தலை வளையத்தின் நடுவில் உள்ளே நீட்டியிருக்க வேண்டும். அகலப்படுத்தும் பிளாஸ்டிக் தகடு பிளாஷில் இருந்தால் இழுத்து விடுங்கள். பாரம் முன்பக்கம் சாய்வதால் பிராக்கெட்டின் சாய்வுத் திருகை நன்றாக இறுக்க வேண்டும். பாதிப் படத்தில் பெட்டி தலைகுனிந்து நிற்பது இதனால்தான்.

முதல் படம்

12 அடி என்றால் 3.65 மீட்டர். சுவரிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி ஆளை உட்காரவையுங்கள். அவரிடமிருந்து 1.8 மீட்டரில் கேமரா. உங்களுக்கு மிஞ்சுவது 65 செ.மீட்டர், முதுகு சுவரில் இடிக்கும். இந்த அளவுகளில் ஏபிஎஸ்-சி கேமராவில் (சென்சார் முழு பிரேமைவிடச் சின்னதாக இருக்கும் வகை) 50 மி.மீ லென்ஸ் தோள்வரையிலான முகப்படத்துக்குச் சரியாக வரும்.

மேனுவல் மோடு, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/160, எஃப் 5.6. பிளாஷை அணைத்து ஒரு படம் எடுங்கள். படம் கறுப்பாக வர வேண்டும். வராவிட்டால் டியூப்லைட்டோ ஜன்னலோ உள்ளே நுழைகிறது, அதை அணையுங்கள் அல்லது மூடுங்கள். இப்போது பிளாஷை 1/4 பவரில் வைத்து, விளக்கு முகத்திலிருந்து ஒரு மீட்டரில் இருக்க அடியுங்கள். சாப்ட்பாக்ஸின் இரண்டு துணிகளும் குடையின் ஒற்றைத் துணியைவிடக் கூடுதலாக விழுங்கும். கிரிட் போட்டால் இன்னும் குறையும், 1/2 வரை தேவைப்படலாம். 1/4-லிருந்து 1/8-க்கு இறக்கினால் ஒரு ஸ்டாப் குறையும். பிளாஷ் பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் ஜிஎன் 60 என்ற எண் (கைடு நம்பர், பிளாஷின் வலிமையைச் சொல்வது) 200 மி.மீ ஜூமில் எடுத்த அளவு. 24 மி.மீட்டரில் அதில் பாதிகூட இருக்காது, அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

விளக்கு முகத்துக்கு 45 பாகை பக்கவாட்டில், அதன் நடுப்பகுதி கண்மட்டத்துக்கு 30 முதல் 40 செ.மீ மேலே, லேசாகக் கீழ்நோக்கி. மூக்கின் நிழல் வாயோரத்தை நோக்கிச் சாய்ந்து விழ வேண்டும், உதட்டைத் தொடக் கூடாது. தொட்டால் விளக்கு அதிக உயரத்தில் இருக்கிறது. கண்களில் வெளிச்சப் பொட்டே இல்லையென்றாலும் அதே காரணம்தான். நிழல் பக்கம் அதிகம் இருட்டினால் இரண்டுக்கு மூன்று அடி தெர்மோகோல் அட்டை ஒன்றைக் கன்னத்திலிருந்து அரை மீட்டரில் நிறுத்துங்கள்.

ஸ்டாண்டை உயர்த்துமுன் அண்ணாந்து பாருங்கள். ஓடும் மின்விசிறி இறக்கையில் குடை மாட்டினால் ஒரே சுற்றில் குடையும் போகும், பிளாஷும் விழும். சுவிட்சை அணைத்துவிட்டு, யாரும் போடாதபடி அதன்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள்.

வெள்ளை வேட்டி சட்டையில் ஒருவரை எடுக்கும்போது துணி வெளுத்து, முகம் இருட்டாக நிற்கும். சாப்ட்பாக்ஸ் என்றால் அதைச் சற்று மேல்நோக்கித் திருப்பி, வெளிச்சத்தின் கீழ் விளிம்பு மட்டும் நெஞ்சில் படும்படி செய்தால் முகம் முன்னுக்கு வரும். பக்கவாட்டிலும் இப்படித் திருப்பி, நடு வெளிச்சத்தை முகத்துக்கு முன்னால் ஓடவிட்டு, ஓர வெளிச்சத்தை மட்டும் முகத்தில் வாங்கலாம். குடையைத் திருப்பினால் பெரிய மாற்றம் எதுவும் வராது, அதன் வெளிச்சத்துக்குத் தெளிவான விளிம்பு கிடையாது.

ஆட்கள் கூடினால்

ஆறு பேர் குடும்பப் படத்துக்குக் குடையே மேல். விளக்கைப் பக்கவாட்டில் கிட்ட வைத்து, முதல் ஆள் 1.5 மீட்டரிலும் கடைசி ஆள் 3 மீட்டரிலும் நின்றால் இருவருக்கும் 2 ஸ்டாப் வேறுபாடு. மாப்பிள்ளை வெளுத்திருப்பார், மாமனார் இருட்டில் நிற்பார். பெரிய கூடத்தில் அதே விளக்கை 4 மீட்டருக்குத் தள்ளினால், கடைசி ஆள் 5.5 மீட்டரில் இருந்தாலும் வேறுபாடு ஒரு ஸ்டாப்புக்குள் அடங்கும். தள்ளி வைக்கும்போது 60 அங்குலக் குடைகூடச் சின்னதாகிவிடும், நிழல் கடினமாகும். ஆகவே விளக்கைக் கேமராவுக்குப் பக்கத்தில், எல்லார் தலைக்கும் மேலே உயர்த்தி வையுங்கள், நிழல்கள் முதுகுப் பக்கம் மறைந்துபோகும். ஐஎஸ்ஓவை 400 வரை ஏற்றத் தயங்க வேண்டாம். முழு பவரில் தொடர்ந்து அடித்தால் ஸ்பீட்லைட் சூடாகி நின்றுவிடும்.

கோளாறும் காரணமும்

படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழுந்தால் ஷட்டர் வேகம் அதிகம். பல கேமராக்களில் பிளாஷோடு ஒத்துப்போகும் எல்லை 1/200 அல்லது 1/250, மலிவு ட்ரிகரில் 1/160-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. பிளாஷ் தானாக அடித்தாலோ, சில நேரம் அடிக்காமல் போனாலோ, பிடியின் உலோகப் பள்ளம் பிளாஷின் அடிப்பகுதிப் புள்ளிகளை ஒன்றோடொன்று தொடவைக்கிறதா பாருங்கள். அங்கே ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டினால் போதும். இன்னொரு பிளாஷின் வெளிச்சத்தைப் பார்த்து அடிக்கும் பழைய வகைப் பிளாஷ்கள் மூடிய சாப்ட்பாக்ஸுக்குள் குருடாகிவிடும், ரேடியோ ட்ரிகர்தான் வேண்டும்.

மூக்குக்கண்ணாடியில் குடை முழுசாகத் தெரிந்தால் விளக்கை ஒரு சாண் உயர்த்திப் பக்கவாட்டில் தள்ளுங்கள், தாடையைக் கொஞ்சம் இறக்கச் சொல்லுங்கள். அப்படியும் போகாவிட்டால் கண்ணாடிக் காம்பைக் காதுக்கு மேல் ஒரு செ.மீ தூக்கிவிட்டால் கண்ணாடி கீழ்நோக்கிச் சாயும், பிரதிபலிப்பு நழுவிவிடும். படத்தில் வேறுபாடு தெரியாது. அளவில் பெரிய விளக்குக்கு இந்தத் தொல்லை அதிகம். அந்த ஒரு படத்துக்குச் சின்ன சாப்ட்பாக்ஸ் பெரிய குடையைவிட நல்லது.

பிளாஷுக்குப் பதில் எல்இடி விளக்கு வாங்க நினைக்கிறவர்களுக்கு ஒரு சொல். போவன்ஸ் மவுண்ட் உள்ள எல்இடியில் சாப்ட்பாக்ஸ் நேராக உட்காரும், நிழலை முன்கூட்டியே பார்க்கலாம். ஆனால் 60 வாட்ஸ் எல்இடி பிளாஷோடு ஒப்பிட்டால் மின்மினிதான். ஐஎஸ்ஓ 800-ம் 1/100 ஷட்டருமாக எடுக்க வேண்டியிருக்கும், குழந்தை அசைந்தால் படம் கலங்கும். கல்யாண வீடியோவுக்கு முன்பு பயன்பட்ட ஹாலஜன் விளக்கு வீட்டில் கிடந்தாலும் அதைக் குடைக்குள்ளோ சாப்ட்பாக்ஸுக்குள்ளோ வைக்காதீர்கள், துணி பற்றிக்கொள்ளும்.

எந்த வரிசையில் வாங்குவது

ஸ்டாண்டில் மிச்சம் பிடிக்க வேண்டாம். 2.8 மீட்டர் வரை உயரும், தடித்த குழாய் ஸ்டாண்ட் பத்து வருடம் வரும். அடுத்து குடைப்பிடிக்குப் பதில் எஸ் டைப் பிராக்கெட்டையே வாங்கிவிடுங்கள். அதில் குடைக்கம்பிக்கான துளையும் இருக்கிறது, பின்னால் சாப்ட்பாக்ஸ் வாங்கும்போது வேறு பிடி தேடவேண்டாம். பிறகு கறுப்பு உறையுள்ள 43 அங்குல வெள்ளைக் குடை. சாப்ட்பாக்ஸுக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும், குடைக்கு அதில் ஒரு சிறு பங்குதான். சுவர் பச்சையாக இருந்தால், அல்லது மணப்பெண் படம் எடுப்பதே தொழில் என்றால், குடையைத் தாண்டி நேராக 90 செ.மீ எண்கோண சாப்ட்பாக்ஸுக்குப் போகலாம். குடைக்கென்று ஒதுக்கிய பணம் கிரிட்டுக்குப் போகட்டும்.

இரண்டும் சேர்ந்த பிறகு இரண்டு பிளாஷில் ஒரே படத்துக்குப் பயன்படுத்துமுன், நிறத்தைச் சரிபார்க்க உதவும் ஒரு சாம்பல் அட்டையை ஒவ்வொன்றின் வெளிச்சத்திலும் தனித்தனியாக எடுத்துப் பாருங்கள். மலிவுத் துணி நாள்பட மஞ்சளாகும், ஒன்று நீலச்சாயலாகவும் மற்றொன்று மஞ்சளாகவும் இருக்கலாம். அதிகம் மஞ்சளித்ததைப் பின்னணிக்கு அனுப்பிவிட்டு, புதுத்துணியை முகத்துக்கு வையுங்கள். மழைக்காலத்தில் ஈரத்தோடு உறையில் போட்டு வைத்த குடையில் பூஞ்சைப் புள்ளி வரும். விரித்தபடியே ஓர் இரவு நிழலில் உலர்த்திவிட்டு மடியுங்கள், வெயிலில் வேண்டாம்.